அஷ்டமியும் இரண்டு பவுண்டு பீன்ஸும்

இரண்டு பவுண்டு பீன்ஸ் கடைப் பையில் இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை, மேடையில் கொட்டினால் மலையாக இருந்தது. பஞ்சாபகேசன் ஒன்றை எடுத்தார், இரு முனையும் கிள்ளினார், நார் வருகிறதா என்று பார்த்தார், ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு துண்டாக நறுக்கினார், அடுத்ததை எடுத்தார். எழுபத்துநாலு வயதில் முழங்கால் இரண்டும் ஆளுக்கொரு பேச்சுப் பேசுகின்றன. ஸ்டூலில் உட்கார்ந்தால் மேடை எட்டவில்லை, நின்றால் இடுப்பு கேட்கவில்லை. கை என்னவோ பொடிப்பொடியாக நறுக்கத்தான் போகிறது, அதைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. இது பொரியல் இல்லை, ஓவனில் வைத்துச் சுடுகிற காசரோல். தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குப் பக்கத்து வீட்டு லிண்டா வருஷா வருஷம் பண்ணிக்கொண்டு வந்து இந்த மேஜையில் வைக்கிற பண்டம். இந்த வருஷம் அவள் ஈரத்தில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அப்போ காசரோல் கிடையாதா என்று பேத்தி தன்யா முகத்தைத் தொங்கப்போட, தாத்தா பண்றேன் என்று வாயை விட்டவர் இவர்தான். வாய் சும்மா இருந்தால்தானே. மருமகள் ப்ரீதா, டின் சூப்பை ஊற்றினால் அரைமணி வேலை என்றாள். இல்லை, எல்லாம் முதலிலிருந்து வீட்டிலேயே என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, லிண்டா வேலிக்கு அந்தப் பக்கம் கட்டுப்போட்ட கையோடு நின்று சொல்லச்சொல்ல இந்தப் பக்கம் நின்று எழுதிக்கொண்டார். பீன்ஸ், காளான், வெங்காயம், வெண்ணெய், மைதா, பால். எழுதும்போது ஒன்றும் உறைக்கவில்லை. எழுதும்போது திதி வெள்ளிக்கிழமை. இப்போது திதி இன்றைக்கு.

இன்றைக்குத்தான். ஃபோன் மேடை ஓரத்தில் குப்புறக் கிடந்தது, அவர்தான் கவிழ்த்து வைத்தார், கவிழ்த்தால் செய்தி உள்ளேயே செத்துப்போகும் என்பது போல. அதில் திதி பண்ணிவைக்கிற வாத்தியார் எழுதியிருந்தது மனப்பாடமே ஆகிவிட்டது. மாமா நமஸ்காரம், நீங்க நாளைக்குன்னு எழுதியிருக்கேள், கார்த்திகை வளர்பிறை அஷ்டமி ஊர்லதான் வெள்ளிக்கிழமை, இங்க இன்னிக்குப் பதினொரு மணிக்கே அஷ்டமி பொறந்துடறது, அதனால மாமி திதி உங்களுக்கு இன்னிக்குத்தான், ஊர்க் காலண்டரைப் பார்த்துட்டேளோ, மூணு மணி வரைக்கும் காலம் இருக்கு, எனக்கு ரெண்டு மணிக்கு ஒழியும், ஃபோன்லயே பண்ணி வெச்சுடறேன், சொல்லுங்கோ. ஊர்க் காலண்டர். ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் தொங்குகிறது, திருச்சியிலிருந்து துணிமணிக்கு நடுவில் மடங்காமல் கொண்டுவந்தது, தினம் காலையில் எழுந்ததும் ஒரு தாளைக் கிழிப்பது ஒன்றுதான் இந்த வீட்டில் அவருக்கென்று இருக்கிற உத்தியோகம். சூரியன் அங்கே உதித்துப் பதின்மூன்றரை மணி கழித்து இங்கே வருகிறது, சந்திரனுக்கு மட்டும் எந்த ஊர்க் கணக்கு? முப்பத்தாறு வருஷம் டெலிபோன் இலாகாவில் குப்பை கொட்டினவர், எந்த தேசத்துக்கு எத்தனை மணி வித்தியாசம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். சொந்தப் பெண்டாட்டி சுகந்தாவின் திதிக்கு அந்தக் கணக்கைப் போடத் தோன்றவில்லை. முதல் இரண்டு வருஷமும் திருச்சியிலேயே நடந்தது, மகன் மௌலி லீவு போட்டுவிட்டு வந்து பண்ணினான். இந்த ஏப்ரலில்தான் வீட்டைக் காலி பண்ணிவிட்டு மகனோடு வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் பீவர்ட்டன் என்று ஊர்ப் பெயர். வந்த நாளாக மழை என்று சொல்லலாம், அவ்வளவு மழை.

மேடையை ஒரு சுற்றுப் பார்த்தார். தெவச நாளில் எது எது ஆகாது என்று யாராவது ஒரு பட்டியல் போட்டு, அதைக் கொண்டு கடைக்குப் போய் வாங்கிவந்தால் இப்படித்தான் இருக்கும். பீன்ஸ் சீமைக் காய், ஆகாது, அவரைக்காய்தான் ஆகும். வெங்காயம் வாசலிலேயே நிற்க வேண்டும். காளான் என்கிற பேரைச் சொன்னாலே சுகந்தா மூக்கைச் சுளிப்பாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், இவர் பிள்ளையார் பிடிக்கவே உட்காரவில்லை, நேராகக் குரங்குதான். சிரிப்புக்கூட வந்தது. நமக்கு ஒரு வருஷம் அவர்களுக்கு ஒரு நாள். பித்ருக்களுக்கு வருஷத்துக்கு ஒரு வேளைதான் சாப்பாடு என்று நினைக்காதே, அது அவர்களுக்குத் தினப்படிச் சாப்பாடு, தவறிப்போனால் அன்றைக்குப் பட்டினி என்று அப்பா சொல்லுவார். இதையெல்லாம் நம்புகிறாயா என்று யாராவது கேட்டால் பஞ்சாபகேசன் வழவழவென்று ஏதாவது சொல்லி நழுவிவிடுவார், அவ்வளவு கெட்டியான நம்பிக்கை ஒன்றும் இல்லை. ஆனால் பட்டினி என்கிற அந்த ஒரு வார்த்தை மட்டும் மூன்று வருஷமாக விட்டபாடில்லை. பின்பக்க வேலியில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது, இந்த ஊர்க் காக்கை ஒரு சுற்று பெரிசு, கழுத்தில் சாம்பல்கூட இல்லை, முழுக் கறுப்பு. அது இந்தப் பக்கம் பார்ப்பதற்குள் அவர் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பீன்ஸை எடுத்தார். கிள்ளு, நார் பார், நறுக்கு.

“அப்பா, இன்னும் பீன்ஸ்லயே இருக்கேளா?” ப்ரீதா தலையில் ஈரத் துண்டோடு வந்து ஓவனுக்குள் எட்டிப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண், ஒரே நேரத்தில் நாலு காரியம் பார்ப்பாள், நாலையும் பார்க்கிறோம் என்று நாலு பேருக்குத் தெரியும்படி பார்ப்பாள். “லிண்டாவும் அவ ஆத்துக்காரர் வால்ட்டரும் ஒரு மணிக்கு வரா. ஒண்ணரைக்குச் சாப்பிட உட்காந்துடலாம். உங்களுக்கு முடியலைன்னா சொல்லுங்கோ, நான் பாத்துக்கறேன்.”

“முடியாம என்ன? ஆயிடும்மா.”

“முகம் ஒரு மாதிரி இருக்கே? பிரஷர் மாத்திரை போட்டுண்டேளா?”

“போட்டுண்டேன்.” சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ப்ரீதா, இன்னிக்குத்தாம்மா. இரண்டு வார்த்தைதான். சொன்னால் என்ன ஆகும் என்பதும் கூடவே வந்தது. அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறப்பாள், அவ்வளவுதான். நாலு நாளாகத் துடைத்து வைத்த மேஜை, மடித்து வைத்த நாப்கின், தன்யா மஞ்சள் காகிதத்தில் வெட்டி ஒட்டின வான்கோழி, அதுதான் இந்த வீட்டுக்கு உண்டான ஒரே வான்கோழி, எல்லாவற்றையும் அந்த ஒரு நிமிஷத்தில் மடித்து உள்ளே வைத்துவிட்டு, சரிப்பா, லிண்டாகிட்ட சொல்லிடறேன் என்பாள். அந்தச் சரிப்பாவை நினைத்தாலே களைப்பாக இருந்தது. பிள்ளை வீட்டில் இருக்கிற கிழவன் இடத்தை அடைக்கலாம், வேளையை அடைக்கக் கூடாது. “தலையைத் துவட்டிக்கோ, சளி பிடிச்சுக்கும்” என்றார். அவள் போய்விட்டாள். மணி பதினொன்று ஐந்து. அஷ்டமி பிறந்துவிட்டது.

தண்ணீர் கொதித்தது. உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் பீன்ஸைப் போட்டு ஐந்து நிமிஷம், அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் கூடாது, எடுத்து ஐஸ் தண்ணீரில் போட வேண்டும், அப்போதுதான் பச்சை நிறம் போகாது என்று லிண்டா சொல்லியிருந்தாள். ஐந்து நிமிஷத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டு நின்றார். வேகிற பீன்ஸின் வாசனை எந்த ஊரிலும் ஒன்றுதான், அதுதான் கஷ்டம். திருச்சி தில்லைநகர் வீட்டுச் சமையல்கட்டுக்கு ஒரே தாவலில் கொண்டுபோய் விட்டுவிட்டது. நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் அந்தச் சமையல்கட்டில் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு பொழுது தேறாது. கூடத்தில் உட்காருவார், தட்டு வரும். சாப்பிட்டு எழுந்திருப்பார், அப்புறம் அவள் உட்காருவாள். அப்படித்தான் அவள் வழக்கம், நான் ஒன்றும் சொல்லவில்லையே, முன்னால் சாப்பிடாதே என்று ஒரு நாளாவது சொன்னேனா? சொல்லவில்லைதான். முன்னால் சாப்பிடு என்றும் சொல்லவில்லை. சர்க்கரை வந்த பிறகு டாக்டர் சொன்னார், அம்மா, மாத்திரை போட்டால் வேளைக்குச் சாப்பிட்டுவிட வேண்டும் என்று. அவள் தலையை ஆட்டினாள், இவரும் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து, ஏன்னா, உங்களுக்குத் தட்டுப் போடட்டுமா என்றாள். போடு என்றார். ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. ஆறாகிவிட்டது. அள்ளி ஐஸில் போட்டார், விரல் மரத்தது, கொஞ்ச நேரம் கையை உள்ளேயே வைத்திருந்தார்.

காளானைத் துடைத்து நறுக்கினார். நறுக்கும்போது கத்திக்கு எதையோ நறுக்குகிறோம் என்றே தெரியவில்லை, அவ்வளவு மெத்து. வெங்காயம் அப்படியில்லை, அது தன்னை நறுக்குகிறவனைச் சும்மா விடாது. மூன்று வெங்காயத்தையும் வளையம் வளையமாக அரிந்து, மைதாவில் புரட்டி, எண்ணெயில் போட்டுச் சிவக்க எடுக்க வேண்டும், அதுதான் மேலே தூவுகிற மகுடம். கண் கரித்தது. கரிக்கட்டும், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இரண்டு சொட்டு விடுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எண்ணெய் காய்கிற நேரத்தில் அந்த நாள் வந்தது. வர வேண்டாம் என்று பார்க்கிற நாள், வெங்காயம் அரிய உட்கார்ந்தால் வரும், பல் தேய்த்தால் வரும். நவம்பர் முப்பது. ஓய்வூதியக்காரன் ஒவ்வொருவனும் பாங்குக்குப் போய் நான் உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுத் தரவேண்டிய கடைசி நாள். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, கடைசி நாளில் ஓடுவது அவருடைய சுபாவம். பத்து மணிக்குக் கிளம்பும்போது, பன்னெண்டரைக்கு வந்துடுவேளா என்றாள். வந்துடுவேன் என்றார். கூட்டமென்றால் கூட்டம், திருச்சியில் உயிரோடு இருக்கிற கிழம் எல்லாம் அங்கே நின்றது. வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பினால் தேவசகாயம், ஸ்ரீரங்கம் எக்ஸ்சேஞ்சில் ஒன்றாக வேலை பார்த்தவர், எட்டு வருஷமாகப் பார்க்கவில்லை. வேலை முடிய பன்னிரண்டே முக்கால். வாங்க சார், இந்நேரத்துக்கு வீட்டுக்குப் போய் என்ன பண்ணப் போறீங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டே போலாம் என்று தேவசகாயம் தோளில் கையைப் போட்டார். போனார். ஹோட்டலில் வாழையிலை போட்டார்கள். வத்தக்குழம்பு நன்றாக இருந்தது. இரண்டாந்தரம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். பாயசம் வந்தது. பழைய மேலதிகாரி ஒருவரைப் பற்றிப் பேசிச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. பாங்கில் அடிக்கக் கூடாது என்று மௌனமாக்கின ஃபோன் சட்டைப் பையில் மௌனமாகவே இருந்தது. நான் வெளியில் சாப்பிட்டுவிட்டேன், நீ சாப்பிடு. ஊரெல்லாம் பேசுவதற்கு லைன் கொடுத்தவன், எடுத்துச் சொல்ல வேண்டியது இந்த ஒரு வரி.

வெங்காயம் கருகப் பார்த்தது. பதறி அரித்தெடுத்தார், ஒரு ஓரம் கறுத்துவிட்டது, பரவாயில்லை, அடியில் போட்டுவிடலாம். அன்றைக்கு வீடு திரும்பினபோது மணி இரண்டே முக்கால். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை, அவர் வந்து தட்டினால் எழுந்துவர வேண்டுமே என்று போட்டிருக்க மாட்டாள். கூடத்தில் அவர் தட்டு, டம்ளரில் தண்ணீர், மேலே மூடி. சமையல்கட்டில் அவள். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், ஏதோ எடுக்கப் போனவள் போல. சோற்றுப் பாத்திரத்தில் கரண்டி படவில்லை. ஹார்ட் என்று எழுதினார் டாக்டர். ஹார்ட்டாகத்தான் இருக்கும், டாக்டர் படித்தவர். காலைச் சர்க்கரை மாத்திரையின் காலி உறை மட்டும் மேடையில் இருந்தது, அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவர் இவர்தான், ஏன் அப்படிச் செய்தோம் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது, கை செய்தது. ஜனங்கள் வந்தார்கள். பாங்கில் கூட்டம் என்றார். எல்லாரிடமும் அதையே சொன்னார். பொய் இல்லை, கூட்டம்தான். சாயங்காலம் சுகந்தாவின் தங்கை அழுதுகொண்டே சொன்னாள், அத்திம்பேர் பாவம், காலைலேர்ந்து வரிசையில நின்னுட்டு வந்திருக்கார், பச்சத்தண்ணி குடிக்கலை, யாராவது ஒரு வாய் காபி குடுங்கோளேன் என்று. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், அத்தனை முகத்திலும் இரக்கம். வத்தக்குழம்பு வயிற்றில் இருந்தது. காபியை வாங்கிக் குடித்தார். அந்தக் காபிதான், அதை நினைத்தால்தான் உடம்பு இப்போதும் கூசுகிறது. சாவுக்குக்கூட ஏதேதோ சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், அந்தக் காபிக்கு ஒரு சமாதானமும் கிடையாது.

வாணலியில் வெண்ணெயைப் போட்டுக் காளானை வதக்கினார். நீர் விட்டுச் சுண்டியது. மைதாவைத் தூவிக் கிளறி, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், அவசரப்பட்டால் கட்டி தட்டும் என்று லிண்டா மூன்று தடவை சொன்னாள். கட்டி தட்டியது. கரண்டியின் முதுகால் ஒவ்வொரு கட்டியாக நசுக்கினார், ஒன்றை நசுக்கினால் பக்கத்தில் ஒன்று. சொல்லிவிடலாம், சொன்னால் என்ன, மௌலி என்ன சின்னப் பையனா? அவன் கேட்டான், அன்றைக்கு விமானத்தில் வந்து இறங்கி, கண் வீங்கி, ஒன்றே ஒன்றுதான் கேட்டான். அப்பா, அம்மா கடைசியா என்ன பண்ணிண்டிருந்தா? இவர், தெரியலைடா, நான் பாங்க்ல நின்னுண்டிருந்தேன் என்றார். மௌலி அவரைக் கட்டிக்கொண்டான். அதிலிருந்து அவன் அவரைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற ஒவ்வொன்றும், டாக்டரிடம் கூட்டிப்போவதும், குளிருக்குக் கோட்டு வாங்கிக் கொடுத்ததும், எல்லாம் அந்த வரிசையில் பட்டினியாக நின்ற அப்பாவுக்குச் செய்வது. அப்படி ஒரு அப்பா கிடையவே கிடையாது. அவனுக்குத் தெரிந்தால் இந்த வீட்டில் இருக்கலாம், யாரும் போ என்று சொல்லப்போவதில்லை, ஆனால் அந்தக் கண்ணை எப்படிப் பார்ப்பது? அதனால் திதியைச் சொல்ல வேண்டாம். அடுத்த ஏகாதசியில் பண்ணலாம் என்று சாஸ்திரமே வழி விட்டிருக்கிறது. சாஸ்திரத்துக்குக் கருணை உண்டு. அவளுக்குப் பசித்தால்? தலைக்கு மேலே வெள்ளம் போனால் ஜாண் என்ன முழம் என்ன, அன்றைக்கும் காத்திருந்தாள், இன்னும் மூன்று நாள் காத்திருக்கட்டும். இப்படி ஒரு நினைப்பு தன் மண்டைக்குள்ளேயே ஓடியதைக் கேட்டு அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு வெட்கமே கிடையாதா?

ஃபோன் மேடையில் குப்புறக் கிடந்தபடியே அதிர்ந்தது. வாத்தியார். “மாமா, ரெண்டு மணிக்கு வெச்சுக்கலாமா? இல்லேன்னா வேற ஒருத்தர் கேக்கறார்.”

“ஆத்துல விருந்தாளி வர்றாளே. வெங்காயம் வேற வதக்கிட்டேனே” என்றார் தாழ்ந்த குரலில், திருடன் மாதிரி.

“வதங்கினா வதங்கிட்டுப் போறது மாமா. இங்க வந்தப்புறம் எல்லாத்துக்கும் ஒரு வழி பண்ணிண்டுட்டோமே. ஒரு ரூமைத் துடைச்சு விட்டு, கொஞ்சம் சாதம் மட்டும் தனியா வடிச்சு வையுங்கோ, எள்ளு இருந்தாப் போறும். பிள்ளை சாப்பிடாம இருக்கணும், அவ்வளவுதான். சொல்லுங்கோ.”

“பத்து நிமிஷத்துல சொல்றேன்.”

சாஸை இறக்கிப் பீன்ஸைப் போட்டுப் புரட்டினார். கண்ணாடித் தட்டில் பரப்பி, வெங்காயத்தை மேலே தூவி, கருகினதை அடியில் மறைத்து, ஓவனுக்குள் தள்ளினார். இருபத்தைந்து நிமிஷம். கொதி வந்து ஓரம் பொங்கும், வெங்காயம் பொன்னாகும், அப்போது எடு. பத்து நிமிஷம் ஆகி, பன்னிரண்டு ஆயிற்று. நிற்க முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவரும் ஒன்றும் சாப்பிடவில்லை, ஒரு காபிதான், பசி எடுக்கத்தான் செய்தது. எழுபத்துநாலு வயதுக்குப் பசி என்பது வயிற்றில் இல்லை, முதலில் கைநடுங்கும், அப்புறம் காதுக்குள் ஏதோ ஓடும். அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா, ஒரு மணிக்கு இவ்வளவு, ஒன்றரைக்கு இன்னும் கொஞ்சம், இரண்டுக்கு? கூடத்துக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்திருப்பாளா? வாசலை எட்டிப் பார்த்திருப்பாளா?

“வாசனை தூக்கறதேப்பா!” மௌலி சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தான், தட்டுகளை எடுத்துப்போக. மணி ஒன்றாகப் பத்து நிமிஷம். “லிண்டாவுக்கு இனிமே இந்தத் தெருவுல மார்க்கெட் கிடையாது.”

பஞ்சாபகேசன் அவன் கையைப் பார்த்தார், நாலு தட்டுகளும் அதற்கு மேல் இரண்டும். “மௌலி, ஒரு தப்புப் பண்ணிட்டேண்டா. திதி நாளைக்கு இல்லை. ஊர்க் காலண்டரைப் பார்த்துச் சொல்லிட்டேன். இங்க இன்னிக்குத்தான்.”

மௌலி தட்டுகளை வைத்தான். ஃபோனை வாங்கி வாத்தியார் எழுதினதைப் படித்தான், படித்து முடித்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். “எப்பத் தெரியும்?”

“பத்தரைக்கு.”

“ஏம்ப்பா சொல்லலை?”

“பண்டிகை நாள். லிண்டா வர்றா. ஏகாதசில பண்ணிக்கலாம்டா, ஒண்ணும் தோஷம் இல்லை, சாஸ்திரம் இருக்கு.” வார்த்தை எல்லாம் தயாராக இருந்தது, வழுக்கிக்கொண்டு வந்தது.

மௌலி எதிர்ப்பக்கம் மேடையில் சாய்ந்துகொண்டான். நாற்பத்திரண்டு வயது, காதோரம் நரைத்துவிட்டது. “உங்ககிட்ட ஒண்ணு சொல்லலைப்பா. மூணு வருஷமாச் சொல்லலை. அன்னிக்கு அம்மா எனக்கு ஃபோன் பண்ணினா. இங்க மணி பன்னெண்டு அடிக்கப் போறது, நான் படுத்துட்டேன். அப்பா இன்னும் வரலைடா, ஃபோன் எடுக்கலைன்னா. பாங்க்ல கூட்டமா இருக்கும், நீ சாப்பிடும்மான்னேன். பசிக்கறதுதான், வந்துடுவார், அஞ்சு நிமிஷம் பாக்கறேன்னா. எனக்குத் தூக்கம். சரிம்மான்னு வெச்சுட்டேன்.” அவன் கண்ணை உள்ளங்கையால் துடைத்தான். “திட்டிச் சாப்பிட வெச்சிருக்கலாம். உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீங்க அங்க வரிசையில பட்டினியா நின்னுண்டிருந்தேள். நீங்களும் தாங்க மாட்டேள்னுதான் சொல்லலை.”

அந்தக் காபி டம்ளர் மறுபடி கைக்கு வந்தது. அதே சூடு, அதே இரக்கம். இந்தத் தரமும் வாங்கிக் குடித்துவிடலாம். குடித்தால் இருவரும் அழுதுவிட்டு, ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துவிட்டு, ஒன்றரைக்குச் சாப்பிட உட்காரலாம். மகன் மூன்று வருஷமாகத் தூக்கின பாரத்தை இன்னும் முப்பது வருஷம் தூக்குவான்.

“நான் பட்டினி இல்லைடா” என்றார்.

“என்ன?”

“அவ உனக்கு ஃபோன் பண்ணினபோது நான் ஹோட்டல்ல உட்காந்து சாப்ட்டுண்டிருந்தேன். தேவசகாயம் கூப்பிட்டான், போயிட்டேன். வத்தக்குழம்பு ரெண்டாந்தரம் போட்டுண்டேன். பாயசம் குடிச்சேன். சாப்டுட்டேன், நீ சாப்பிடுன்னு அவளுக்கு ஒரு ஃபோன் பண்ணலை. தோணலைடா. மறந்துபோச்சுன்னுகூடச் சொல்ல முடியாது, மறக்கறதுக்கு மொதல்ல நினைச்சிருக்கணுமே. உன்மேல ஒரு தப்பும் இல்லை. எல்லாம் நான்.”

மௌலி அவரைப் பார்த்தான். எதைப் பார்க்கக் கூடாது என்று மூன்று வருஷம் ஒளிந்தாரோ அந்தக் கண், அது இவ்வளவுதான், சுகந்தாவின் ஜாடையில் இருந்தது. வாசலில் மணி அடித்தது. தன்யா தடதடவென்று ஓடிக் கதவைத் திறந்தாள், லிண்டாவின் பெரிய சிரிப்பு கேட்டது, மழைக்கோட்டை உதறுகிற சத்தம் கேட்டது. ஓவன் பீப் பீப் என்று கூப்பிட்டது. மௌலிதான் துணியைப் பிடித்துக்கொண்டு தட்டை வெளியே எடுத்து வைத்தான். ஓரம் பொங்கி, மேலே பொன்னாக, லிண்டா சொன்ன மாதிரியேதான் வந்திருந்தது.

“ப்ரீதா” என்று கூப்பிட்டான். அவள் எட்டிப் பார்த்தாள். “இன்னிக்குத்தான் அம்மா திதியாம். நீ அவாளை உட்கார வெச்சுச் சாப்பிடச் சொல்லு. நாங்க ரெண்டு பேரும் மூணு மணிக்கு மேலதான்.” ப்ரீதா ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம் காசரோலைத் தூக்கிக்கொண்டு, “மாடி ரூம்ல கம்பளத்தைச் சுருட்டி வெச்சுடறேன், எள்ளு மேல் அலமாரில நீல டப்பால இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

“கோவமாடா?” என்று கேட்டார் பஞ்சாபகேசன்.

“தெரியலைப்பா. இருக்கு. இப்ப பேச முடியாது.” கையிலிருந்த துணியை மடித்து மேடையில் வைத்தான். “பசிக்கறதுன்னு சொன்னாப்பா. மொதல்ல அவளுக்குப் போடுவோம். நான் குளிச்சுட்டு வரேன், நீங்க வாத்தியார்கிட்டச் சொல்லிட்டுச் சாதம் வைங்கோ.”

அவன் மாடி ஏறிப் போனான். பஞ்சாபகேசன் வாத்தியாரிடம் இரண்டு மணி என்று சொன்னார். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார், வெங்காயம் போகவில்லை, மறுபடி கழுவினார். சின்னப் பாத்திரத்தை எடுத்து, அரிசி டப்பாவைத் திறந்து, ஒரு டம்ளர் அளந்து போட்டார். மேஜைப் பக்கம் லிண்டா, இதை நிஜமாகவே அவரா பண்ணினார் என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளர் போதும், சுகந்தா கொஞ்சம்தான் சாப்பிடுவாள் என்று நினைத்தார். நினைத்ததும் கை நின்றது. அவள் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை. நாற்பத்தாறு வருஷத்தில் அவள் உட்காரும்போது இவர் எழுந்து போயிருந்தார். கொஞ்சம் சாப்பிடுவாளா, நிறையச் சாப்பிடுவாளா, இரண்டாந்தரம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிற ஆசை அவளுக்கு இருந்ததா, ஒன்றும் தெரியாது. இன்னொரு டம்ளர் போட்டார். பார்த்தார். இன்னும் ஒன்று போட்டார்.